‘முன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள்: எதை எங்கே போடுவது, எழுத்தை எப்படிக் கூட்டுவது

தமிழில் ‘முன்’ என்ற ஒரே வேரை வைத்து முன்னோர், முன்னாள், முன்னுரை, முன்னுரிமை, முன்னோடி, முந்தைய, முன்கூட்டியே என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இந்த வேலையை மூன்று குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. இலத்தீனிலிருந்து வந்த ‘ப்ரீ’ ஒன்று. அதே இலத்தீனிலிருந்து வந்த ‘ஆன்டி’ இன்னொன்று. பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொத்தான ‘ஃபோர்’ மூன்றாவது. ஒரு சொல் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பிடித்துவிட்டால் அதன் எழுத்து பெரும்பாலும் தானாக அமைந்துவிடும். மனப்பாடம் செய்ய வேண்டியவை மிகச் சிலவே.

எழுத்துகளைத் தமிழில் சொல்லும்போது ஒரு குழப்பம் வரும். அதனால் இங்கே ‘டி’ என்று குறிலில் எழுதினால் ஆங்கில அகரவரிசையின் நான்காம் எழுத்து; ‘டீ’ என்று நெடிலில் எழுதினால் இருபதாம் எழுத்து. ‘ஈ’ ஐந்தாம் எழுத்து, ‘ஐ’ ஒன்பதாம் எழுத்து. ‘பி’ என்று வருமிடமெல்லாம் பதினாறாம் எழுத்துதான்.

ப்ரிஸீட்: அதிகம் தவறும் இடம்

‘முன்னால் வருதல்’ என்ற வினைக்கு ஆங்கிலத்தில் முதலில் நினைவுக்கு வருவது ப்ரிஸீட். எழுத்து: பி-ஆர்-ஈ-சி-ஈ-டி-ஈ. ‘ப்ரீ’ என்றால் முன், ‘கேடெரே’ என்ற இலத்தீன் வினைக்குச் செல்லுதல் என்று பொருள். முன்செல்லுதல், அவ்வளவுதான்.

காதுக்கு ‘ஸீட்’ என்று கேட்கிறது. ஆனால் அந்த ஒலியை ஆங்கிலம் மூன்று விதமாக எழுதுகிறது. தவறுகள் எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன.

சி-ஈ-ஈ-டி என்று இரண்டு ‘ஈ’ சேர்ந்து முடியும் வினைகள் மூன்றே மூன்று: சக்ஸீட், ப்ரொஸீட், எக்ஸீட். இவற்றின் முதல் எழுத்துகளை வரிசையாக எடுத்தால் எஸ், பி, ஈ. அவற்றோடு ‘ஈ-டி’ சேர்த்தால் ‘ஸ்பீட்’ என்ற சொல் கிடைக்கும். அந்த ஒரு சொல்லை நினைவில் வைத்தால் மூன்றும் நினைவில் நிற்கும்.

எஸ்-ஈ-டி-ஈ என்று முடிவது ஒன்றே ஒன்று: சூப்பர்ஸீட், அதாவது ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடித்துக்கொள்ளுதல். இதன் வேர் செல்லுதல் அல்ல, உட்காருதல்; ஒன்றின் மேல் ஏறி உட்காருவது. வேர் வேறு என்பதால்தான் எழுத்தும் வேறு.

மீதி எல்லாம் சி-ஈ-டி-ஈ. ப்ரிஸீட், ரிஸீட், கன்ஸீட், செஸீட், இன்டர்ஸீட், அக்ஸீட், தனியாக நிற்கும் ஸீட் என எல்லாமே இந்தப் பட்டியலில்தான். ‘ஸ்பீட்’ மூன்றிலும் இல்லை, சூப்பர்ஸீடும் இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், சி-ஈ-டி-ஈ என்று போடலாம்.

‘இங்’ சேரும்போதுதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ப்ரிஸீட் கடைசி ‘ஈ’யை உதிர்த்துவிட்டு ப்ரிஸீடிங் ஆகிறது: பி-ஆர்-ஈ-சி-ஈ-டி-ஐ-என்-ஜி. நடுவில் ஒரே ஒரு ‘ஈ’. ப்ரொஸீடில் உதிர்க்கக் கடைசி ‘ஈ’ இல்லை. ஆகவே ப்ரொஸீடிங்கில் இரண்டு ‘ஈ’யும் அப்படியே இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால், ப்ரொஸீடிங்கைப் பார்த்துப் பழகிய கை ப்ரிஸீடிங்கிலும் இரட்டை ‘ஈ’ போட்டுவிடுகிறது. இந்தச் சொல்லில் நேரும் பிழைகளில் முதலிடம் இதற்குத்தான்.

இன்னொரு குழி ப்ரொசீஜர். வினையில் இரண்டு ‘ஈ’ இருந்தும் பெயர்ச்சொல்லில் ஒன்றுதான்: பி-ஆர்-ஓ-சி-ஈ-டி-யூ-ஆர்-ஈ. இதற்கு எந்த விதியும் துணைக்கு வராது. மனத்தில் பதித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பொருளிலும் இவற்றைக் கலக்கக் கூடாது. ப்ரிஸீட் என்றால் முன்னால் வருதல். ப்ரொஸீட் என்றால் மேலே தொடர்தல். ‘மேலே சொன்ன பத்தி’ என்று எழுத நினைத்து ப்ரொஸீடிங் பேராகிராஃப் என்று எழுதினால் ‘தொடர்ந்து செல்லும் பத்தி’ என்றாகிவிடும். வாசகர் கீழே தேடுவார்.

யார் முன், யார் பின்

எழுத்து சரியாக இருந்தும் திசை தலைகீழாகிப் போகிற வாக்கியங்கள் ஏராளம். அகரவரிசையையே எடுத்துக்கொள்வோம். ‘சி’ முதலில் வருகிறது, ‘டி’ அடுத்து. செய்வினையில் ‘சி ப்ரிஸீட்ஸ் டி’: எழுவாய்தான் முன்னால் வருவது. செயப்பாட்டுவினையில் ‘டி இஸ் ப்ரிஸீடட் பை சி’: இங்கே எழுவாய் பின்னால் வருவது, ‘பை’க்குப் பிறகு நிற்பதுதான் முன்னால் வருவது.

செயப்பாட்டுவினை வாக்கியம் எழுதி முடித்ததும் ‘பை’ என்ற சொல்லின் மேல் விரலை வையுங்கள். அதற்கு வலப்பக்கம் இருப்பது காலத்தால் முந்தியதா என்று பாருங்கள். ‘மழைக்கு முன் இடி வந்தது’ என்பதற்கு ‘த ரெய்ன் வாஸ் ப்ரிஸீடட் பை தண்டர்’ என்பது சரி. மழையையும் இடியையும் இடம் மாற்றிப் போட்டால் இலக்கணம் பிசகாது, உண்மை பிசகிவிடும். எந்தத் திருத்தி மென்பொருளும் அதைக் காட்டிக்கொடுக்காது.

ப்ரிஸீடுக்குப் பக்கத்தில் ‘பிஃபோர்’ போடவே கூடாது. முன் என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ப்ரெஸிடென்ட், ப்ரெஸிடென்ஸ்

முன்னுதாரணம் என்றால் ப்ரெஸிடென்ட்: பி-ஆர்-ஈ-சி-ஈ-டி-ஈ-என்-டீ. முன்னுரிமை, வரிசையில் முந்தும் தகுதி என்றால் ப்ரெஸிடென்ஸ்: கடைசி ‘டீ’யை எடுத்துவிட்டு ‘சி-ஈ’.

ப்ரெஸிடென்டின் பன்மைக்குக் கடைசியில் ‘எஸ்’ சேர்த்தால் அது ப்ரெஸிடென்ஸ் போலவே காதில் விழும். அதனால் எழுதும்போது இடம் மாறிவிடுகிறது. ஒட்டி வரும் வினையைப் பார்த்தால் முடிவு செய்துவிடலாம். ‘செட்’ (ஏற்படுத்து), ‘ஃபாலோ’ (பின்பற்று) என்று வந்தால் ப்ரெஸிடென்ட். ‘டேக்’ வந்து, பின்னால் ‘ஓவர்’ வந்தால் ப்ரெஸிடென்ஸ். கணக்கில் 2 + 3 × 4 என்றால் விடை 14, 20 அல்ல. ஏனென்றால் பெருக்கல் கூட்டலுக்கு முந்துகிறது. ‘மல்டிப்ளிகேஷன் டேக்ஸ் ப்ரெஸிடென்ஸ் ஓவர் அடிஷன்.’ நிரல் மொழிகளிலும் குறிகளின் வரிசைக்கு இதே சொல்தான்.

நீதிமன்றங்களில் பழைய தீர்ப்பு புதிய வழக்குக்கு வழிகாட்டுவது ப்ரெஸிடென்ட். சட்ட ஆவணங்களில் ‘கண்டிஷன் ப்ரிஸீடென்ட்’ என்று ஒன்று வரும். ஒப்பந்தம் நடைமுறைக்கு வருமுன் நிறைவேற வேண்டிய நிபந்தனை அது. அங்கே சொல் பெயரடை. பெயருக்குப் பின்னால் நிற்கும்; அழுத்தமும் ‘ஸீ’ மேல் விழும்.

‘முன்னெப்போதும் இல்லாத’ என்பது அன்ப்ரெஸிடென்டட். ப்ரெஸிடென்ட் என்ற முழுச் சொல்லையும் எழுதி, முன்னால் ‘யூ-என்’, பின்னால் ‘ஈ-டி’ ஒட்டினால் போதும். நாட்டின் தலைவரைக் குறிக்கும் சொல்லில் ‘எஸ்’ எழுத்தும் அதிர்கிற ஒலியும் உண்டு: பி-ஆர்-ஈ-எஸ்-ஐ-டி-ஈ-என்-டீ. அதன் வேர் முன்னால் உட்காருதல். ப்ரிஸீடுக்கும் அதற்கும் உறவு ‘ப்ரீ’யோடு முடிகிறது.

ப்ரீவியஸ், ப்ரிஸீடிங், ப்ரையர், ஃபார்மர்

தமிழில் நான்கையும் ‘முந்தைய’ என்று சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் முடியாது.

ப்ரிஸீடிங் என்றால் ஒட்டி முன்னால் இருப்பது. ஆறாம் பக்கத்தில் நின்றுகொண்டு ‘த ப்ரிஸீடிங் பேஜ்’ என்றால் ஐந்தாம் பக்கம் மட்டும்தான். ப்ரீவியஸ் இன்னும் தளர்வானது. ‘த ப்ரீவியஸ் பேஜ்’ என்றால் அதே ஐந்தாம் பக்கம். ‘எ ப்ரீவியஸ் பேஜ்’ என்றால் ஒன்று முதல் ஐந்து வரை எதுவாகவும் இருக்கலாம். ‘த’ போட்டோமா ‘எ’ போட்டோமா என்பதே இங்கே பொருளைத் தீர்மானிக்கிறது. துல்லியம் தேவைப்படும் குறிப்பில் இரண்டையும் விட்டுவிட்டுப் பக்க எண்ணையே எழுதுவது மேல்.

ப்ரீவியஸின் எழுத்து பி-ஆர்-ஈ-வி-ஐ-ஓ-யூ-எஸ். ‘ப்ரீ’யும் பாதை என்று பொருள்படும் ‘வியா’வும் சேர்ந்தது, பாதையில் முன்னால் போவது. ‘ஆர்’, ‘ஈ’ இரண்டும் இடம் மாறினால் பர்வியஸ் என்று வேறொரு சொல் பிறந்துவிடும். தண்ணீர் போன்றவற்றைத் தன்னூடே போக விடுவது என்று அதற்குப் பொருள். அதுவும் அகராதியில் உள்ள சொல் என்பதால் சிவப்புக் கோடு விழாது.

ப்ரையர் சற்று விறைப்பான சொல். ப்ரையர் நோட்டிஸ், ப்ரையர் பர்மிஷன், ப்ரையர் எக்ஸ்பீரியன்ஸ் என்று பெயருக்கு முன்னால் நன்றாகப் பொருந்தும். ‘ப்ரையர் டூ’ என்று இரு சொல்லாக வரும்போது அதற்கும் ‘பிஃபோர்’க்கும் பொருளில் வேறுபாடு இல்லை. கடிதத்தில் கனம் சேர்க்க அதைப் போடுகிறவர்கள் அதிகம். பிஃபோர் போட்டால் வாக்கியம் தெளிவாகிறது, நீளமும் குறைகிறது. ‘ப்ரையர் தேன்’ என்று எழுதுவது தவறு. இதற்கு எப்போதும் ‘டூ’தான்.

ஃபார்மருக்கு இரண்டு வேலை. முன்னாள் என்பது ஒன்று. இரண்டைச் சொல்லிவிட்டு முதலாவதைச் சுட்டுவது மற்றொன்று; அப்போது இரண்டாவதுக்கு லேட்டர் (எல்-ஏ-டீ-டீ-ஈ-ஆர், இரண்டு ‘டீ’). மூன்று பொருள்களைப் பட்டியலிட்டுவிட்டு ஃபார்மர் என்றால் செல்லாது, ஃபர்ஸ்ட் என்று சொல்ல வேண்டும். ‘முன்பு’ என்று பொருள்படும் ஃபார்மர்லியை எழுதப்போய் ‘முறைப்படி’ என்று பொருள்படும் ஃபார்மலியை எழுதிவிடுவதும் சகஜம். முன்னதில் ‘எம்’முக்குப் பின் ‘ஈ-ஆர்’, பின்னதில் ‘எம்’முக்குப் பின் ‘ஏ’.

இரண்டு நாளைக்கு முன்

தமிழர் ஆங்கிலத்தில் உடனே தெரிந்துவிடும் தவறு ஒன்று உண்டென்றால் இதுதான்: ‘பிஃபோர் டூ டேஸ் ஐ ஸா ஹிம்.’ நமக்கு ‘இரண்டு நாளைக்கு முன்’ என்று எண் முதலில் வந்து ‘முன்’ பின்னால் நிற்கிறது. முன்னிடைச் சொல் பெயருக்கு முன்னால் வர வேண்டும் என்று பள்ளியில் படித்ததால் அதை முன்னே தள்ளிவிடுகிறோம். விந்தை என்னவென்றால், இந்த இடத்தில் ஆங்கில வரிசையும் தமிழ் வரிசையும் ஒன்றேதான். ‘ஐ ஸா ஹிம் டூ டேஸ் அகோ.’ எண், நாள், பிறகு ‘அகோ’.

அகோவா பிஃபோரா என்பதற்கு, எங்கிருந்து பின்னோக்கி எண்ணுகிறோம் என்று பார்க்க வேண்டும். இந்த நொடியிலிருந்து எண்ணினால் அகோ, வினை சாதாரண இறந்தகாலம். கடந்துபோன வேறொரு கணத்திலிருந்து எண்ணினால் பிஃபோர், வினையும் ஒரு படி பின்னால் போகும். நேற்று அவரைச் சந்தித்தேன். அதற்கு இரண்டு நாள் முன் அவர் ஊர் திரும்பியிருந்தார் என்றால் ‘ஹி ஹேட் ரிடர்ன்ட் டூ டேஸ் பிஃபோர்’. அகோவோடு ‘ஹேவ்’ சேர்த்து ‘ஐ ஹேவ் ஸீன் ஹிம் டூ டேஸ் அகோ’ என்று எழுதுவதும் தவறு.

எதிர்கால நிகழ்ச்சியானாலும் பிஃபோருக்குப் பின் ‘வில்’ வராது. ‘அவர் வருவதற்கு முன்’ என்பது ‘பிஃபோர் ஹி கம்ஸ்’. ‘முன்பே’ என்பதிலுள்ள ஏகாரத்தை அப்படியே பெயர்த்து ‘பிஃபோர் இட்செல்ஃப்’ என்கிறோம். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்குப் பிஃபோர்ஹேண்ட் அல்லது ஆல்ரெடி. இடத்தைச் சொல்லும்போது, வீட்டுக்கு முன் என்றால் ‘இன் ஃப்ரன்ட் ஆஃப்’ பொருந்தும்.

கூட்டத்தை முன்தேதிக்கு மாற்றுவதை ப்ரீபோன் என்கிறோம். இந்திய ஆங்கிலத்தில் அது நிலைத்துவிட்ட சொல். வேறு நாட்டு வாசகர்களுக்கு எழுதும்போது ‘ப்ரிங் ஃபார்வர்ட்’ என்று போடலாம். ‘மூவ் ஃபார்வர்ட்’ வேண்டாம். புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் அப்படி நகர்த்தினால் சிலர் திங்கள் என்பார்கள், சிலர் வெள்ளி என்பார்கள். எதை எழுதினாலும் புதிய தேதியையும் கூடவே எழுதிவிடுங்கள்.

ஃபோர் குடும்பம்: அந்த ஓர் ‘ஈ’

எஃப்-ஓ-ஆர்-ஈ என்று ‘ஈ’யோடு இருந்தால் முன். ஃபோர்ஸீ, ஃபோர்டெல், ஃபோர்காஸ்ட், ஃபோர்ஃபாதர், ஃபோர்மோஸ்ட் எல்லாவற்றிலும் அப்படியே. ‘ஈ’ இல்லாத எஃப்-ஓ-ஆர் வேறு முன்னொட்டு. விலக்குதல், விட்டுவிடுதல் என்ற சாயல் அதற்கு. ஃபர்பிட், ஃபர்கெட், ஃபர்கிவ், ஃபர்ஸேக் எல்லாம் அந்த வகை.

இந்த ஓர் எழுத்தைக் கவனித்தால் ஃபோர்கோ இரண்டும் பிரிந்துவிடும். ‘ஈ’ இருந்தால் முன்செல்லுதல்; இன்று ஃபோர்கோயிங் (மேற்கண்ட), ஃபோர்கான் கன்க்ளூஷன் (முன்பே முடிவாகிவிட்டது) என்ற வடிவங்களில்தான் பெரிதும் வாழ்கிறது. ‘ஈ’ இல்லையென்றால் துறத்தல், வேண்டாமென விடுதல். துறத்தலுக்கும் ‘ஈ’ போட்டு எழுதுவதைச் சில அகராதிகள் ஏற்கின்றன. ஆனாலும் பிரித்தே எழுதுங்கள்; வாசகருக்கு ஐயமே வராது. ஃபோர்பேர் என்ற ஒலிக்கும் இதே கதைதான்: ‘ஈ’ இருந்தால் மூதாதையர், இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுதல்.

விதிக்கு அடங்காதவையும் உண்டு. ஃபார்வர்டும் ஃபார்மரும் ‘முன்’ குடும்பத்துப் பிள்ளைகளே, ஆனால் ‘ஈ’ கிடையாது. ஃபாரினில் ‘ஈ’ உண்டு, ஆனால் அதன் வேருக்கு வெளியே என்று பொருள். முன்னுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

புத்தக வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபோர்வர்ட் என்றால் அணிந்துரை. நூலாசிரியர் அல்லாத ஒருவர் எழுதித் தருவது. ஃபோர், வர்ட் என்று இரண்டு சொல் ஒட்டியது. வர்டுக்கு டபிள்யூ-ஓ-ஆர்-டி, ‘சொல்’ என்று பொருள். நூலின் முகப்பில் இதற்குப் பதிலாக ‘முன்னோக்கி’ என்று பொருள்படும் ஃபார்வர்ட் அச்சாகிவிடுவது உண்டு. பெரிய எழுத்துத் தலைப்பு என்பதாலேயே கண் அதை வாசிக்காமல் கடந்துவிடுகிறது. நூலாசிரியரே எழுதும் முன்னுரை ப்ரெஃபஸ்: பி-ஆர்-ஈ-எஃப்-ஏ-சி-ஈ. நம் பழைய இலக்கணத்தில் அணிந்துரை, நூன்முகம், முகவுரை எல்லாமே பாயிரத்தின் மறுபெயர்கள். இன்றைய பதிப்பு வழக்கில் அவை பிரிந்துவிட்டது நமக்கு வசதியாகிவிட்டது. அணிந்துரைக்கு ஃபோர்வர்ட், முன்னுரைக்கு ப்ரெஃபஸ் என்று நேருக்கு நேர் பொருந்துகின்றன.

ஆன்டி: ‘ஈ’யா, ‘ஐ’யா

ஏ-என்-டீ-ஈ என்றால் முன். ஏ-என்-டீ-ஐ என்றால் எதிர். அது கிரேக்கத்திலிருந்து வந்தது. ஆன்டிஸீடென்ட், ஆன்டிடேட், உடலியலில் முன்பக்கத்தைச் சொல்லும் ஆன்டீரியர் மூன்றிலும் ‘ஈ’தான். கடிகாரத்தில் காலைக்குப் போடும் ஏ.எம். என்பதன் விரிவிலும் இதே ஆன்டி இருக்கிறது: நண்பகலுக்கு முன்.

ஆனால் ஆன்டிஸிபேட் என்ற சொல்லில் ‘முன்’ பொருள் இருந்தும் ‘ஐ’ வரும். அது எதிர் ஆன்டி அல்ல. இலத்தீனிலேயே ‘ஈ’ ‘ஐ’யாகத் திரிந்துவிட்டது. அட்வான்ஸ் என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தில் பிறந்ததே. அதிலுள்ள ‘டி’ பிறவியில் இல்லை; சொல்லின் தொடக்கத்தை வேறு முன்னொட்டு என்று தவறாக நினைத்தவர்கள் பிற்காலத்தில் செருகியது. அந்தத் தவறு நிலைத்து, இன்று ‘டி’ இல்லாமல் எழுதினால் அதுதான் தவறு.

ப்ரீடிஸெஸர்

ஒரு பதவியில் நமக்கு முன் இருந்தவர். எழுத்து: பி-ஆர்-ஈ-டி-ஈ-சி-ஈ-எஸ்-எஸ்-ஓ-ஆர். ஒரு ‘சி’, இரண்டு ‘எஸ்’, முடிவு ‘ஓ-ஆர்’. சக்ஸெஸரில் இரண்டு ‘சி’ இருப்பதால் இங்கும் இரண்டு போடத் தோன்றும். அங்கே ‘சப்’ என்ற முன்னொட்டின் கடைசி எழுத்து பக்கத்து ‘சி’யோடு கரைந்து இன்னொரு ‘சி’யானது. இங்கே முன்னால் இருப்பது டி-ஈ என்ற முன்னொட்டு. கரைய எதுவும் இல்லை, ஆகவே ஒன்றுதான்.

இரத்த உறவில் முன்னோர் ஆன்செஸ்டர். ஒன்றுக்கு வழிகோலிய பொருள் அல்லது நிகழ்வு ப்ரிகர்ஸர். இரண்டுக்கும் முடிவு ‘ஓ-ஆர்’தான். தாத்தாவை ப்ரீடிஸெஸர் என்று எழுதக் கூடாது, பழைய மேலாளரை ஆன்செஸ்டர் என்றும் எழுதக் கூடாது.

அனுப்புவதற்கு முன் தேடிப் பார்க்க

எழுதி முடித்த கோப்பில் தேடல் பெட்டியைத் திறந்து சி-ஈ-ஈ-டி என்று தட்டுங்கள். கிடைக்கும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் சக், ப்ரொ, எக்ஸ் இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். வேறு எது இருந்தாலும் தவறு; ப்ரிஸீடிங்கின் இரட்டை ‘ஈ’ இங்கேயே அகப்பட்டுவிடும். அடுத்து சி-ஈ-டி-ஈ. அதற்கு முன்னால் ப்ரொ, எக்ஸ், சக் வந்தால் தவறு. சூப்பர் வந்தாலும் தவறு.

பிறகு திருத்தி மென்பொருள் கண்டுகொள்ளாதவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்: பர்வியஸ், ஃபார்மலி, ப்ரொஸீடிங், ‘சி’க்குப் பதில் ‘எஸ்’ போட்ட ப்ரெஸிடென்ட், முகப்பிலுள்ள ஃபார்வர்ட். கடைசியாக ‘ப்ரிஸீடட் பை’. அது வருமிடமெல்லாம் நின்று, ‘பை’க்கு வலப்பக்கம் இருப்பது உண்மையில் முந்தியதுதானா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.